கால் சுற்று

ஜூன் 12

என் இடது காலில் ஒரு கூண்டு மாட்டியிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே மேலும் கீழுமாக இரும்பு வளையங்கள். வளையங்களை இணைத்து நான்கு தடித்த கம்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சதுர நட்டு. வளையத்திலிருந்து சதைக்குள் புகுந்து, எலும்பைத் துளைத்து, மறுபக்கம் வெளியே வருகிற மெல்லிய கம்பிகள் தனி. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்பார்மர் மாதிரில்லா இருக்கு" என்றார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிற மனிதருக்கு வேறென்ன தோன்றும்!

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகும்போது லாரிக்காரன் இடித்து ஒடிந்த கால் இது. ஒட்டிக்கொண்டது, ஆனால் குட்டையாக ஒட்டிக்கொண்டது. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிற பி.டி. டீச்சர் விந்தி விந்தி மைதானத்தில் ஓடினால் எப்படி இருக்கும்? "நொண்டி மிஸ் வாராங்க டீ" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை, விசிலைத்தான் பலமாக ஊதினேன். தலைமையாசிரியை வேறு, "லைப்ரரியைப் பாத்துக்கிடுங்களேன் பியூலா, உக்காந்த வேலை" என்கிறார். லைப்ரரியாம்! நான் இரண்டு காலில் சமமாக அந்த மைதானத்தில் நிற்க வேண்டும். அதற்காகத்தான் நன்றாக ஒட்டியிருந்த எலும்பை மறுபடி வெட்டச் சம்மதித்துப் படுத்திருக்கிறேன்.

ஜூன் 13

கிருபை மைனி நாசரேத்திலிருந்து வந்து இறங்கிவிட்டாள். இவருடைய அக்கா. என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாளாம். நல்லதுதான். ஆனால் இரண்டு பெட்டி, ஒரு சாக்கு, ஒரு மிக்ஸி ஜார், சுவரில் மாட்டுகிற பைபிள் வசன காலண்டர். கால் ஒடிந்தவளைப் பார்க்க வருகிறவள் காலண்டரோடு ஏன் வருகிறாள்?

மைனியின் வீட்டுக்காரர் இறந்தபிறகு கொழுந்தன் வீட்டில் இருந்தாள். அங்கே என்ன நடந்ததோ, அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "அதெல்லாம் நல்லாத்தான் வச்சிருந்தாவ" என்றாள். நல்லாத்தான் வைத்திருந்தால் மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு வருவானேன்!

ஜூன் 15

வீட்டுக்கு வந்தாயிற்று. கிளம்புவதற்கு முன்னால் டாக்டர் முரளிதரன் கட்டிலருகே நின்று எல்லாம் விளக்கினார். அந்த நேரம் பார்த்து வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், நான் பாதி உறக்கம். இவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். ஆக, முழுதாகக் கேட்டது மைனி மட்டும்தான். இதிலிருந்தே எனக்குச் சரியாகப் படவில்லை.

என் காதில் விழுந்தது இது. வெட்டிய எலும்பின் இரண்டு முனையையும் மெதுவாக விலக்கிக்கொண்டே போனால் நடுவில் புது எலும்பு தானாக ஊறி வருமாம். விலக்குவது நாம்தான், ஸ்பானர் போட்டு, வீட்டிலேயே. "ஒரு வேளைக்குக் கால் சுத்து. ஒரு நாளைக்கு நாலு வேளை. நாலு நட்டையும். மெதுவாப் போச்சுன்னா எலும்பு முந்திக்கும். இடைவெளி திறக்குறதுக்குள்ள ஒட்டிக்கும். அப்புறம் மறுபடி வெட்ட வேண்டியதுதான்." இதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் உறங்கிவிட்டேன்.

மறுபடி வெட்டுவது என்ற சொல் மட்டும் உறக்கத்திலும் கூடவே வந்தது.

ஜூன் 16

திருப்ப ஆரம்பித்தாயிற்று. மைனி கை கழுவி, ஜெபம் செய்துவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்தாள். ஒவ்வொரு நட்டிலும் வைத்து லேசாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா மைனி?"

"அவ்வளவுதாம்ளா. கால் சுத்துன்னுதான டாக்டர் சொன்னாரு."

"நானும் கேட்டேன். கால் சுத்துதான்."

"பின்ன என்ன? கால் சுத்துதான் சுத்தியிருக்கேன்."

காலுக்கு ஒரு சுற்று என்றால் ஒரு சுற்று வேண்டாமா? இவள் நட்டைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகிறாள். முதல் நாள், கை பழகவில்லை என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 18

இன்றும் அதே இழுப்புதான். வலி பெரிதாக இல்லை. எலும்பைப் பிளக்கும்போது வலிக்காமல் இருக்குமா? வலி இல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மைனி சுவரில் ஆணி அடித்து வசன காலண்டரை மாட்டிவிட்டாள். ஆணிக்கு என்னைக் கேட்கவில்லை.

ஜூன் 19

நட்டின் ஒரு பக்கத்தில் சிவப்பு நகப்பாலீஷால் ஒரு பொட்டு வைத்தேன். நான்கு நட்டிலும் பொட்டு ஜன்னலைப் பார்த்த மாதிரி. முழுச் சுற்று சுற்றினால் பொட்டு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர வேண்டுமா இல்லையா? பார்ப்போம்.

மைனி பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நட்டுக்கெல்லாம் பாலீஷா! அந்த விரலுக்குப் போட்டாலும் பாக்க அழகா இருக்கும். குடு, போட்டு விடுதேன்." போட்டும் விட்டாள். என் கால்விரல்கள் கல்யாணப் பெண்ணுடையவை போல இருக்கின்றன. இப்படிக் கொஞ்சுவதெல்லாம் எதற்கு?

ஜூன் 20

பிடித்துவிட்டேன். காலையில் திருப்பியதும் பொட்டு ஜன்னலிலிருந்து கூரைப் பக்கம் வந்து நின்றது. மத்தியானம் சுவர்ப் பக்கம். சாயங்காலம் மெத்தைப் பக்கம். ராத்திரிதான் மறுபடி ஜன்னல். நாள் முழுக்கச் சுற்றி ஒரே ஒரு சுற்று! நாலு சுற்று சுற்ற வேண்டியவள் ஒன்றைச் சுற்றிவிட்டு என்னைப் பார்த்து இளிக்கிறாள்.

ஏன் என்று யோசிக்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. என் கால் சரியாகிவிட்டால் மைனிக்கு இங்கே என்ன வேலை? கொழுந்தன் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். கால் மெதுவாகப் போனால், ஒட்டிக்கொண்டு மறுபடி வெட்டினால், இன்னொரு வருடம் இங்கே காலண்டர் தொங்கும். எவ்வளவு அமைதியாக எவ்வளவு பெரிய காரியம் செய்கிறாள்!

இவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அக்கா வைத்த மீன்குழம்பை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொல்லி என்ன பிரயோஜனம்!

ஜூன் 22

மைனி சாயங்காலம் திருப்பிவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள். வர ஒரு மணி நேரமாவது ஆகும். ஸ்பானர் மேசை டிராயரில்தான் இருக்கிறது. கட்டிலிலிருந்து எட்டிவிடும் தூரம்.

நான்கு நட்டிலும் அவள் விட்ட மிச்சத்தை நான் சுற்றி முடித்தேன். பொட்டு ஒவ்வொன்றும் ஒழுங்காகக் கிளம்பிய இடத்துக்கு வந்து நின்றது. வியர்த்துவிட்டது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் என் காலுக்கு நானாவது நியாயம் செய்தேன் என்று ஒரு திருப்தி.

ஜூன் 23

மிச்சத்தைச் சுற்றினேன்.

ஜூன் 25

வலி. கெண்டைக்கால் சதை கயிறு போல விறைத்திருக்கிறது. மைனி வெந்நீரில் துணி முக்கிப் பிழிந்து ஒத்தடம் கொடுத்தாள். கம்பி நுழைகிற இடங்களை ஒவ்வொன்றாகப் பஞ்சால் துடைத்தாள். கை நடுங்கவே இல்லை. திருடுகிறவர்களுக்கும் கை நடுங்காது என்பார்கள்.

"எதுக்குளா இப்படி வலிக்கு? மொத நாளெல்லாம் நல்லாத்தான இருந்த?" என்று என் முகத்தையே பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 27

இன்று மத்தியானம் மைனி ஸ்பானரோடு குனிந்தாள். பொட்டுகளை உற்றுப் பார்த்தாள். பிறகு திருப்பாமலே ஸ்பானரை டிராயரில் வைத்துவிட்டு, "திருப்பியாச்சு" என்றாள்.

திருப்பியாச்சாம்! நான் கண்ணை மூடியிருந்தேன், பார்க்கவில்லை என்று நினைத்துவிட்டாள். இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். இதுவரைக்கும் கொஞ்சமாவது சுற்றினாள், இப்போது அதுவும் இல்லை.

சாயங்காலம் அவள் போனதும் எப்போதும் சுற்றுகிறதைச் சுற்றி, மத்தியானம் விட்டதற்கும் சேர்த்துச் சுற்றினேன். கத்தாமலிருக்கத் தலையணை உறையைக் கடித்துக்கொண்டேன்.

ஜூன் 28

மறுபடியும் ஒரு வேளையை விட்டுவிட்டாள். மறுபடியும் "திருப்பியாச்சு." மறுபடியும் நான்.

ஜூன் 30

பெருவிரலை மேலே தூக்க முடியவில்லை. தூக்கு என்று மனம் சொல்கிறது, விரல் கேட்க மாட்டேன் என்கிறது. பாலீஷ் போட்ட விரல் பொம்மை மாதிரி கிடக்கிறது. இவரிடம் சொன்னேன். "யக்கா, இங்க வா, பாரு" என்று அவர் கூப்பிட்டதும் மைனி ஓடிவந்து பாதத்தைக் கையில் பிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "நாளைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவோம்லே" என்றாள். டாக்டர் ஊரில் இல்லையாம், நாலாம் தேதிதான் வருவாராம்.

மைனி ஏன் அப்படி வெளுத்தாள்? செய்த காரியம் வெளியே வந்துவிடும் என்று பயமாக இருக்கும்.

ஜூலை 2

மைனி இன்று ஜெபக்கூட்டத்துக்குப் போகவில்லை. நேற்றும் போகவில்லை. என் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரைக்காய் நறுக்குகிறாள். டாக்டர் வருகிறவரைக்கும் திருப்பவே வேண்டாம் என்கிறாள். ஸ்பானர் டிராயரில் இல்லை. எங்கே என்று கேட்க முடியுமா? அவள் மடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான்காம் தேதி வரட்டும். எக்ஸ்ரே பொய் சொல்லாது.

ஜூலை 4

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகிவிட்டு ஸ்கேலை வைத்து அளந்தார். நான் மைனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன், எலும்பு ஒட்டிக்கொண்டது என்று டாக்டர் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"யாரு திருப்புறது?" என்றார்.

"நாந்தான் டாக்டர்" என்றாள் மைனி.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? இங்க பாருங்க." இரண்டு வெள்ளை முனைகள், நடுவில் கறுப்பாக ஒரு பெரிய சந்து. "இந்நேரத்துக்கு இவ்வளவு அகலம் இருக்கவே கூடாது. நடுவுல பஞ்சு மாதிரி வெள்ளையாப் புது எலும்பு தெரியணும். ஒண்ணுமே காணோம். அன்னைக்கே சொன்னேனே, மெதுவாப் போனா ஒட்டிக்கும், வேகமாப் போனா எலும்பு பின்னாலயே வர முடியாம நின்னுடும்னு. நரம்பும் கூடவே இழுபட்டிருக்கு, அதான் விரல் தூக்க முடியல. ஒரு வேளைக்கு எவ்வளவு சுத்துனீங்க?"

"கால் சுத்து டாக்டர்."

"இது கால் சுத்து இல்லம்மா! கால்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நாலுல ஒரு பங்கு. அரையும் இல்ல, முக்காலும் இல்ல. கால்!"

முக்கால்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்கு ஏறவில்லை. பொட்டு ஜன்னலிலிருந்து கூரைப் பக்கம் போனது, கூரையிலிருந்து சுவர், சுவரிலிருந்து மெத்தை. கால், அரை, முக்கால். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மைதானத்தில் நானே தினமும் "கால் மணி நேரம் ஓடுங்க" என்று விசில் ஊதுகிறவள்.

மைனி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். பிறகு டாக்டரிடம், "வயசாயிட்டுல்லா டாக்டர், கை தவறிப் போச்சு. எம்மேலதான் தப்பு. அவ கால எப்படியாவது சரிபண்ணிருங்க" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் இனிமேல் எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னார். விலக்கியதை மறுபடி நெருக்க வேண்டுமாம், எலும்பு வந்து பிடிக்கிறவரைக்கும். பிடித்தால் உண்டு, பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று பிறகு பார்க்கலாம் என்றார். நரம்பு இன்னும் சாகவில்லை, இன்னும் ஒரு வாரம் இதே வேகத்தில் போயிருந்தால் செத்திருக்கும் என்றும் சொன்னார். "நடுவுல எப்பவாவது நிறுத்துனீங்களா?" என்று மைனியைக் கேட்டார். "சில வேள விட்டேன், வெரல் அசையலன்னதும் நிறுத்தியே போட்டேன் டாக்டர்" என்றாள். "அதான் தப்பிச்சது" என்றார்.

ஆட்டோவில் இவர் தன் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தார். தன்னைவிட மூத்தவளை, முன்சீட்டில் இருந்தவன் காது கேட்க. நான் கூண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வலி அதிகமாக இருந்தது, அதனால்தான் பேசவில்லை.

ஜூலை 5

வலியினால்தான் பேசவில்லை என்று நேற்று எழுதியிருக்கிறேன். நேற்று வலியே இல்லை.

ஜூலை 6

காலையில் கண் விழித்தபோது சுவரில் காலண்டர் இல்லை, ஆணி மட்டும் இருந்தது. இரண்டு பெட்டியும் சாக்கும் வாசலருகே நின்றன. இவர் நர்ஸ் ஒருத்தியை ஏற்பாடு பண்ணியிருக்கிறாராம், பத்து மணிக்கு வருவாளாம். அக்காவிடம் முகம் கொடுக்காமல் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

மைனி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஸ்பானரை எடுத்து டிராயரில் வைத்தாள்.

"வாரேம்ளா" என்றாள். பிறகு இவருக்குக் கேட்காத குரலில், "நீ வச்ச பொட்டுத்தாம்ளா காட்டிக் குடுத்துட்டு. நான் ஒரு பக்கம் வச்சிட்டுப் போவேன், வந்து பாத்தா வேற பக்கம் நிக்கும். தம்பி பொண்டாட்டி என்னைய சீக்கிரம் அனுப்பத்தான் இப்படி அவசரப்படுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுக்கு உங்கிட்ட சண்ட போட முடியுமா? நீ கூடுதலாத் திருப்புன மறுநாளு நான் ஒரு வேளைய விட்டுருவேன். அப்படியாவது சரிக்கட்டுமான்னு பாத்தேன். இனி அவசரப்படாத. நானே போறேன். நீ நிதானமா நட" என்றாள்.

அவளை நான் வேவு பார்க்க வைத்த பொட்டால் அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். நான் திருட்டு என்று எழுதிவைத்ததெல்லாம் என் காலைக் காப்பாற்ற அவள் செய்தது.

"மைனி" என்றேன். "கால் சுத்துன்னா காலுக்கு ஒரு சுத்துன்னு நெனச்சிட்டேன் மைனி."

"என்னது?"

"கால்னா கால். இந்தக் கால்." நான் என் காலைத் தட்டிக் காட்டினேன்.

மைனி என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். உதடு கோணியது, அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எம்மா, டீச்சரம்மா! இவ கிட்டயா பிள்ளைங்க படிக்கு" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறிவிட்டது, நிறுத்த முடியவில்லை. இவர் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நான்தாங்க திருப்பினேன்" என்றேன். "உங்கக்கா தப்பாத் திருப்பல. அவங்க திருப்புனது சரிதான். அவங்க ஜெபத்துக்குப் போன நேரம் பாத்து நான்தான் எடுத்துத் திருப்பினேன். அவங்கமேல சந்தேகப்பட்டுத் திருப்பினேன்."

அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சாக்கைத் தூக்கும்போது மிக்ஸி ஜார் உருண்டு ஓடியது.

ஜூலை 7

எதிர்ப்பக்கம் திருப்புகிறோம். மைனிதான் திருப்புகிறாள். "கால் சுத்து" என்று ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொல்லிவிட்டுத் திருப்புகிறாள். பொறுக்க முடியவில்லை!

ஜூலை 29

படத்தில் சந்துக்கு நடுவே மெல்லிசாக ஒரு வெள்ளைப் புகை. டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார். மைனி ஸ்தோத்திரம் சொன்னாள். மறுபடி விலக்க ஆரம்பிக்கலாமாம்.

ஆகஸ்ட் 11

பெருவிரல் அசைந்தது. இவர் பார்க்கவில்லை, மைனி பார்த்தாள். அவளுக்காக மறுபடி அசைத்துக் காட்டினேன்.

ஜனவரி 20

இன்று கூண்டைக் கழற்றினார்கள். காலைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. மெலிந்து, வெளுத்து, கம்பி போன இடமெல்லாம் தழும்பு. ஆனால் தரையில் இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நின்றேன். இடுப்பு சரியவில்லை. ஊன்றுகோல் இருந்தது என்றாலும் நின்றது நான்தான்.

டாக்டர் இந்தத் தடவை நான் முழு விழிப்பில் இருக்கும்போது சொன்னார். நானும் ஒரு சொல் விடாமல் கேட்டேன். எலும்பு வந்துவிட்டது என்பதோடு வேலை முடியாதாம். இப்போது இருப்பது அவசரத்துக்குப் பூசிய எலும்பு. நடக்க நடக்க, எடை விழுகிற பக்கம் தடிக்கும், வேலை இல்லாத பக்கம் கரையும். உள்ளே குழாயாகக் குடைந்துகொள்ளும். தானாகவே பழைய வடிவத்தைத் தேடிக்கொண்டு வர ஒன்றிரண்டு வருடம் ஆகும். நடந்துகொண்டே இருங்கள், ஜூன் மாதம் மைதானத்துக்குப் போகலாம், ஓடுவதை மட்டும் பிறகு பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேறெதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் இவர், "டாக்டர் என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டார்.

மைனி காலண்டரில் தேதியைக் கிழித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டு வருஷத்துக்கு எலும்பு கூடிக்கிட்டே இருக்குமாம்லே. அதுவரைக்கும் கூட ஒரு ஆளு இருந்து பாத்துக்கிடணும்னு சொன்னாரு."

இவர் என்னைப் பார்த்தார். "அப்படியா சொன்னாரு?"

"ஆமாங்க" என்றேன். "அப்படித்தான் சொன்னார்."